வவுனியா வெயிலும் ஒரு விருப்பக் கடிதமும்

வவுனியாவுக்குத் தற்காலிகமாகப் போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று மாதம். கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். ரயில் பாதைப் பராமரிப்பில் இருக்கிற எங்களுக்குள் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. அங்கே ஆள் தட்டுப்பாடு. அதனால் என் பெயர் முதலில் அடிபட்டது. அன்று தொடக்கம் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "அந்த வெயிலைத் தாங்குவீங்களா?"

கொழும்பில் நின்றுகொண்டு இதைக் கேட்பதுதான் வேடிக்கை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலை ஒட்டி ஓடுகிற பாதையில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிடும். வெப்பமானி 31, 32 பாகைதான் காட்டும். ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. ஏப்ரலில் சூரியன் நாட்டுக்கு நேர் மேலே வரும் நாட்களில் வவுனியாவில் 35, 36 பாகை சாதாரணம். கடதாசியில் நாலு பாகை வித்தியாசம். அந்த நாலு பாகையை நினைத்து ஒரு மனுசன் பயப்படுவதானால் ஏப்ரலில் பஸ்ஸிலும் ஏறக்கூடாது.

எங்கள் பகுதியில் ஓய்வுபெறப் போகும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், வவுனியாப் பக்கத்து ஆள். யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்ற காலத்தில் அங்கே வேலை செய்தவர். 1990க்குப் பிறகு அதற்கு வடக்கே ரயில் இல்லை. 2009இல் தாண்டிக்குளம், 2011இல் ஓமந்தை என்று பாதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டது. அவரிடம் கேட்டேன்.

"தம்பி, வெயிலுக்குப் பயப்பிடாதையும். தண்ணிக்குப் பயப்பிடும்," என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு சங்கதி இருந்தது. இங்கே சட்டை நனைவதால் தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியும். அங்கே வருடத்தின் நடுப்பகுதியில், கொழும்பில் மழை கொட்டுகிற மாதங்களில், காய்ந்த காற்று அடிக்கும். வியர்வை வந்த கையோடு காய்ந்து போகும். சட்டையில் வெள்ளை உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருந்தால் பதினொரு மணிக்குத் தலை சுற்றும். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கொரு தரம் குடிக்க வேண்டும். புதிதாகப் போகிறவனுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை முழு வேலையையும் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளக்கூடாது. இது முதலாவது.

இரண்டாவது, எந்தத் தண்ணீர் என்பது. மதவாச்சி, பதவியா என்று வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களை 1990கள் தொடக்கம் வாட்டுகிற சிறுநீரக நோய்க்கு இன்றுவரை ஒரே காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், பூச்சிமருந்து, வெயிலில் நீரிழந்து வேலை செய்வது என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். வவுனியாவும் அந்த வறண்ட வலயத்தின் தொடர்ச்சிதான். மூன்று மாதத்தில் எனக்கு ஒன்றும் வந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் வடிகட்டிய தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை சம்பளப் படிக்கு முன்னால் விசாரித்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் மனுசனுக்கு. தண்டவாளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு உண்மையில் யோசனை கொடுத்தது அதுதான்.

கடலோரப் பாதையில் எங்கள் எதிரி உப்பு. தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கிளிப், போல்ட், துண்டுகளை இணைக்கிற பிஷ் பிளேட் எல்லாம் துருப்பிடிக்கும். அதிலும் கெட்டது, தண்டவாளத்தின் அடிப்பாகம் சிலிப்பரில், அதாவது குறுக்கே கிடக்கிற கட்டையில், உட்காருகிற இடத்தில் மறைவாக அரிப்பது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆகவே எங்கள் கண் துருவுக்குப் பழகிய கண். குனிந்து பார்க்கிற வேலை.

வவுனியாவுக்கு அப்பால் யுத்தத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட பாதை வேறு ரகம். கொங்கிரீட் சிலிப்பர், நீளமாக வெல்ட் பண்ணிய தண்டவாளம். பழைய மூட்டுப் பாதையில் இரண்டு துண்டுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கும், சூடேறினால் இரும்பு அதற்குள் நீளும். அந்த 'தடக் தடக்' சத்தம் அந்த இடைவெளியினுடையது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் ஒரு கிலோமீற்றர் இரும்பு 30 பாகை ஏற ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் நீளும். வெல்ட் பண்ணிய பாதையில் நீள இடமில்லை. நீளாத இரும்பு அந்த ஆசையை உள்ளே விசையாக வைத்துக்கொள்ளும். நடுத்தர அளவுத் தண்டவாளம் ஒன்றில் ஒவ்வொரு பாகைக்கும் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். காற்று 36 பாகை என்றால் வெயிலில் கிடக்கிற இரும்பு 55ஐத் தாண்டும். பாதையைப் பொருத்தியபோது இருந்த சூட்டைவிட இருபது, இருபத்தைந்து பாகை ஏறினால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தண்டவாளத்துக்குள் முப்பது, நாற்பது தொன் நெருக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

அதைப் பிடித்து வைத்திருப்பது சிலிப்பரும் இரண்டு பக்கத்துச் சல்லியும்தான். வளைவில், பாலத்துக்குக் கிட்ட, ரோட்டுக் கடவையில் எங்காவது சல்லி குறைந்திருந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால் நடுப்பகலில் சல்லியைக் கிளறக்கூடாது, பாதையைத் தூக்கக்கூடாது. இங்கே ரயில் போக்குவரத்துக்கு இடையில் எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது வேலை செய்வோம். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது இரும்பு. விடியற்காலை, இருட்டோடு இறங்கி, வெயில் ஏறுமுன் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு மத்தியானத்தில் வேலையில்லை என்று படுக்கவும் முடியாது. சூட்டு நேரத்தில்தான் பாதை வழியே நடந்து, தண்டவாளம் நேர்கோடாக ஓடுகிறதா, சிலிப்பர் ஓரத்தில் சல்லி விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வேகமாக ஓடுவதற்கென்று போட்ட பாதையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதுகிற கை கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். ரயில் பிந்தினால் பயணிகள் திட்டுவது அந்தக் கைக்குத் தெரியாதா என்ன?

இந்த வேலையை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன், செய்ததில்லை. வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கு இது தெரியாது, எனக்கோ இதற்காகவே போக வேண்டும் போலிருக்கிறது. துருப் பார்க்கிற கண்ணுக்குச் சூட்டையும் பார்க்கத் தெரிந்தால் நல்லதுதானே. கொழும்பிலும் வெயில் குறையப் போவதில்லை.

வீட்டில் கதை வேறு. முதலில் யானை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மீனகயா ரயில் மோதி ஆறு யானை செத்த செய்தியை மனைவி மறக்கவில்லை. அது மட்டக்களப்புப் பாதை என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். "யானைக்கு எந்தப் பாதை என்று தெரியுமா?" என்றாள். பதில் இல்லை.

யானைக்குப் பிறகு உண்மையான கேள்வி வந்தது.

"நீங்க போனா பிள்ளையை டியூசனுக்கு யார் கூட்டிட்டுப் போறது? மூணு மாசம் என்றா எப்ப திரும்பி வருவீங்க, அதைச் சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. கேட்டு வந்த அறிவித்தலில் தொடக்கத் திகதி இருந்தது. முடிவுத் திகதி இருக்கவில்லை. வேறொரு அரச அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று மாதம் என்று போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை, நீடிப்பு, மறுபடி நீடிப்பு. கடைசியில் அவருடைய கொழும்புக் கதிரையில் வேறொருவர் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று அவர் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது, நேரம் மாற்றலாம், மோர் குடிக்கலாம். திகதி இல்லாத கடிதத்துக்கு மருந்து இல்லை.

இடமாற்றப் படி எவ்வளவு, குவாட்டர்ஸ் கிடைக்குமா, கிழமைக்கொரு தரம் வர லீவு விடுவார்களா என்றெல்லாம் சக ஊழியர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தேவையான பேச்சுத்தான். எனக்கு அதெல்லாம் திகதிக்குப் பிறகு.

ஆகவே விருப்பக் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தேன். முடிவுத் திகதியும், திரும்பி வந்தால் இதே பதவியில் இதே பகுதியில் அமர்த்துவதும் எழுத்தில் தரப்பட்டால் சம்மதம். பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இப்பிடி எழுதினா உம்மைக் கூப்பிடமாட்டாங்கள்."

"கூப்பிடாட்டிப் பரவாயில்லை, அண்ணை."

"கூப்பிட்டா?"

"போவேன்."

கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு, வவுனியாவில் நல்ல தண்ணீர் எடுக்கிற இடம் ஒன்றின் வழியை ஒரு துண்டில் எழுதித் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில் மாற்ற வேண்டிய கிளிப் நிறைய இருக்கிறது. மே மழைக்கு முன் முடிக்க வேண்டும்.