விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு திணறினால்

விண்டோஸ் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக, லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவை ஓட்டும்போது ஜன்னல்கள் இழுபட்டு, வீடியோ விட்டுவிட்டு ஓடினால், முதலில் உபுண்டு ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமைச் சின்னம் இருக்கிறதா? அப்படியானால் விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரை நேரடியாகப் பயன்படுத்தாமல், விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி வழியாக ஓடுகிறது. பெரும்பாலான மந்தத்துக்கு வேர் இதுதான் என்பேன். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி), டாக்கர் டெஸ்க்டாப் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்துவோர் யோசித்துச் செய்யவேண்டும், அவை நின்றுபோகும். ஆமை அப்படியே இருந்தால், விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பான கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டிதான் காரணமாக இருக்கக்கூடும். அதை அணைத்தால் பாதுகாப்பு குறையும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்து, உபுண்டு மெஷினை அணைத்துவிட்டு விர்ச்சுவல்பாக்ஸில் அதன் டிஸ்ப்ளே அமைப்புக்குப் போங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி, 3டி ஆக்சலரேஷன் டிக். 4கே திரையின் ஒரே ஃபிரேமுக்கு ஏறத்தாழ 33 எம்பி வேண்டும்; வீடியோ மெமரியை வெறும் 16 எம்பியில் விட்டால் எந்த மூலைக்கு?

பிறகு உபுண்டு செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து கிராஃபிக்ஸ் வரியைப் படியுங்கள். எல்எல்விஎம்பைப் என்றிருந்தால் படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில்தான் விழுகிறது. எஸ்விஜிஏ3டி என்று வந்தால் சரி.

இவ்வளவு செய்தும் யூடியூப் 1080பி தடுக்கலாம். வீடியோவை விரித்துக் காட்டும் வேலைக்கு உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு உள்ளிருக்கும் உபுண்டுவுக்குக் கிடைப்பதில்லை. 720பி-க்கு இறக்குங்கள், அல்லது விண்டோஸிலேயே பாருங்கள்.