ஒரு பகலில் கரகல்பக்ஸ்தான்

உஸ்பெகிஸ்தான் என்றதும் சமர்கந்து, புகாரா, கீவா என்ற மூன்று நகரங்களோடு நம்மவர்களின் பயணத் திட்டம் முடிந்துவிடுகிறது. நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்தோடு வடமேற்கே பரந்து கிடக்கும் கரகல்பக்ஸ்தான் என்ற தன்னாட்சிக் குடியரசின் பெயரைக்கூட நான் அதிகம் பேர் வாயில் கேட்டதில்லை. கரகல்பக் என்றால் கறுப்புத் தொப்பி என்று பொருள். அந்த மக்களின் மொழி உஸ்பெக்கைவிடக் கசாக்கு மொழிக்கே நெருக்கமானது. ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் அண்ணனும் கீவாவைப் பார்த்து முடித்தபோது, தாஷ்கண்டுக்கு விமானம் ஏறுவதற்கு முன் எங்கள் கையில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. அந்த நாளை ஆரல் கடல் ஒருகாலத்தில் அலையடித்த ஊருக்கே கொடுப்பது என்று முடிவு செய்தோம். இதே எண்ணத்தோடு வரைபடத்தை விரித்து உட்காருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் திட்டத்தையும், அது நடந்த விதத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பயண முகவர் எங்களுக்கு அனுப்பிய நிரலில் காலையில் கீவாவில் புறப்பட்டு, கரகல்பக்ஸ்தானின் தலைநகரான நுக்குஸ் வழியாக, ஆரல் கடலின் பழைய துறைமுகமான மொய்னாக் சென்று, இரவில் கீவாவுக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தது. தாளில் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீவாவிலிருந்து நுக்குசுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம், அங்கிருந்து 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மொய்னாக்குக்கு இன்னொரு மூன்று மணி நேரம் என்று அண்ணன் கணக்குப் போட்டதும், பன்னிரண்டு மணி நேரம் காரிலேயே கழிந்துவிடும் என்பது தெரிந்தது. ஆகவே முதல் நாள் மாலையே நுக்குசுக்குப் போய்ப் படுத்துவிட்டோம். இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே மிகவும் சரியானது அதுதான். நுக்குசில் ஓர் இரவு தங்க இடமில்லாத திட்டம் எதுவானாலும் அதை ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கருத்து.

எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். மொய்னாக்குக்குப் போனால் கடலைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பது கடல் விட்டுச்சென்ற தரை மட்டுமே. மிச்சமிருக்கும் நீரின் விளிம்பை அடைய அங்கிருந்து இன்னும் 150 கிலோமீட்டர் அளவுக்குச் சாலையற்ற நிலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் போய், கூடார முகாமில் ஓர் இரவு தங்க வேண்டும். இரண்டு நாள் இல்லாமல் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அயாஸ் கலா, தோப்ராக் கலா முதலிய பழைய மண்கோட்டைகளும் கரகல்பக்ஸ்தானுக்குள்தான் இருக்கின்றன என்றாலும், அவை கீவாவுக்கு அருகில் இருப்பதால் அங்கிருந்து தனி நாளில் பார்ப்பதே வசதி. எங்கள் ஒரு நாளுக்கு இரண்டே இடங்களை வைத்துக்கொண்டோம்: காலையில் மொய்னாக், பிற்பகலில் நுக்குசின் சவித்ஸ்கி கலை அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் கிழமையைப் பார்த்தே நாளைத் தேர்ந்தெடுத்தோம். மாலை ஐந்து மணியைக் கடைசி எல்லையாக வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தைக் குறித்தோம்.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இணையத்திலேயே மின்விசா பெற்றுக்கொள்ளலாம், கரகல்பக்ஸ்தானுக்கென்று தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை. பருவத்தைத்தான் கவனிக்க வேண்டும். கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகுவாகக் கீழே இறங்கும். ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுமே ஏற்றவை.

காலை ஆறு மணிக்கு, இருள் விலகாத நேரத்தில் வெள்ளைச் செவ்ரோலே காரில் புறப்பட்டோம். ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். கீவாவில் எங்களைச் சுற்றிக் காட்டிய உஸ்பெக் இளைஞர் அண்ணனை வாய்க்கு வாய் "அக்கா" என்றே அழைத்தார். அவர்கள் மொழியில் அது மூத்த சகோதரனைக் குறிக்கும் சொல். இங்கே அது "அகா" ஆகிவிட்டது. ஊர் எல்லையிலேயே அரை மணி நேரம் போயிற்று. இங்கே பெரும்பாலான கார்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அழுத்தம் கூட்டி நிரப்பும்போது யாரும் வண்டிக்குள் இருக்கக் கூடாது என்பதால், பயணிகளை வாசலிலேயே இறக்கிவிட்டு வண்டி மட்டும் உள்ளே போகிறது. குளிரில் நடுங்கியபடி எங்களைப்போலவே இறக்கிவிடப்பட்ட பத்துப் பன்னிரண்டு பேரோடு நின்றோம். திட்டம் போடுகிறவர்கள் இந்த அரை மணியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நுக்குசை விட்டதும் ஆமு தாரியாவைக் கடக்கிறோம். பாமிர் மலையின் பனியாற்று நீரைச் சுமந்து வரும் இந்த நதி ஒருகாலத்தில் நேராக ஆரல் கடலில் போய் விழுந்தது. பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். அகன்ற ஆற்றுப்படுகையில் மணல் திட்டுகளே மிகுதியாகத் தெரிய, அவற்றின் நடுவே பழுப்பு நிற நீர் பல கிளைகளாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைத் தாண்டியதும் இரு பக்கமும் பருத்தி வயல்கள் தொடங்கின. அறுவடைக் காலம் ஆனதால், தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாகக் குனிந்து பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயலோரத்து மண்ணிலும் வெண்மை படர்ந்திருந்தது. அதையும் பஞ்சு என்றே முதலில் நினைத்தேன். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தபோதுதான் உப்பு என்று தெரிந்தது. விரலால் தொட்டதும் மெல்லிய பொருக்காக உடைந்து ஒட்டிக்கொண்டது. இந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவதற்காகவே விதைப்புக்கு முன் வயல்களில் நீரைத் தேக்குகிறார்கள் என்று ஓட்டுநர் கையசைவோடு விளக்கினார். பயிருக்கு ஒரு முறை, உப்புக்கு ஒரு முறை என்று நீர் இரண்டு முறை செலவாகிறது.

மொய்னாக் அழிந்த காரணம் அந்த வயலோரத்திலேயே முழுவதுமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சோவியத் அரசு மத்திய ஆசியாவைப் பருத்தி நிலமாக மாற்ற முடிவு செய்து, ஆமு தாரியாவையும், ஆரலில் விழுந்த இன்னொரு நதியான சிர் தாரியாவையும் கால்வாய்களில் திருப்பியது. 1954இல் வெட்டத் தொடங்கிய கரகும் கால்வாய் ஒன்றே ஆமு தாரியாவின் நீரில் கணிசமான பங்கைத் துர்க்மேனியப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனது. 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்நிலையாக இருந்த ஆரல் கடல், 1980களின் இறுதியில் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. 2014இல் தென்கடலின் கிழக்குப் பகுதி முழுவதும் வற்றியது. கசாக்கஸ்தான் 2005இல் கோக்கரல் அணையைக் கட்டியதால் வடகடல் ஓரளவு மீண்டிருக்கிறது. உஸ்பெகிஸ்தான் பக்கத்துக்கு அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை.

குங்கிராத் ஊரைக் கடந்து, ஒன்பதரை மணிக்கு மொய்னாக்கை அடைந்தோம். ஊர் நுழைவில் மீன் படம் போட்ட பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. நீண்ட ஒரே தெருவின் கடைசியில், பழைய கரையாக இருந்த மேட்டின் விளிம்பில், இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த இவ்வூராருக்கான நினைவுத்தூண் இருக்கிறது. அதனருகில் நின்று கீழே பார்த்தால், கடல் இருக்க வேண்டிய இடத்தில் அடிவானம் வரை மணலும் புதர்களும் பரந்து கிடக்கின்றன. அந்த மணலில் பத்துக்கும் மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்கள் துருவேறி நிற்கின்றன. மற்றவற்றை இரும்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். படிகளில் இறங்கிப் போய் ஒரு கப்பலின் பக்கவாட்டில் கை வைத்தேன். காலை வெயிலில் அது அதற்குள் சூடேறியிருந்தது. துரு அடுக்கடுக்காக உரிந்து, அடியில் நீலச் சாயத்தின் ஒரு சிறு துணுக்கு மட்டும் மிச்சமிருந்தது. காலடி மணலில் நகத்தளவு வெண்சிப்பிகள் கலந்து கிடந்தன. மேல்தளத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளச் சிலர் முண்டியடித்தார்கள். எனக்கு ஏற மனம் வரவில்லை. ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட படகு அது.

கப்பல்களோடு திரும்பிவிடாமல், அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆரல் கடலில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடித்த காலம் ஒன்று இருந்தது. மொய்னாக் ஆலையில் அடைத்த மீன் டப்பாக்கள் அங்கே கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கின்றன. நீரின் உப்பு பலமடங்காகி, 1980களின் தொடக்கத்தில் மீன்பிடிப்பு நின்றபின், ஆலைத் தொழிலாளருக்கு வேலை கொடுப்பதற்காகப் பால்டிக், பசிபிக் கடல்களிலிருந்து உறைமீனை ரயிலில் கொண்டுவந்து இங்கே டப்பாவில் அடைத்தார்கள். கடலை இழந்த ஒரு துறைமுகத்துக்கு வேறு கடல்களின் மீன் வந்து இறங்கியதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு கனத்தது. அந்த டப்பாக்களுக்கு நேர் எதிரில், நீலக் கடலும் கப்பல்களுமாக ஓவியங்கள் தொங்குகின்றன.

பதினொன்றரைக்குப் புறப்பட்டு, வழியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். சோள மாவில் பிடித்த உருண்டைகளை இறைச்சிச் சாற்றோடு தரும் 'ஜுவேரி குர்த்திக்' கரகல்பக்கியரின் சொந்த உணவு. நம் ஊர்ச் சோளமேதான். பாட்டி கிண்டும் சோளக்களியின் வாசனை அதில் இருந்தது என்று அண்ணன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குள் சவித்ஸ்கி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டோம். உக்ரைனின் கீவ் நகரில் பிறந்த ஈகோர் சவித்ஸ்கி, 1950இல் கொரேஸ்ம் அகழாய்வுக் குழுவின் ஓவியராக இந்தப் பகுதிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். முதலில் ஊர் ஊராகப் போய்க் கரகல்பக்கியரின் நகைகள், கம்பளங்கள், பெண்களின் தலையணிகள் ஆகியவற்றைச் சேகரித்தார். 1966இல் அருங்காட்சியகம் தொடங்கியபின், ஸ்டாலின் காலத்தில் ஒதுக்கப்பட்ட ஓவியர்களின் படங்களை அவர்களுடைய மனைவியர், பிள்ளைகளிடமிருந்து தேடித் தேடி வாங்கிவந்தார். மாஸ்கோவுக்கு எட்டாத தொலைவில் இருந்ததே இந்த ஊருக்குப் பாதுகாப்பாயிற்று. லிசென்கோ வரைந்த 'எருது' என்ற ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அந்த விலங்கின் கண்கள் துப்பாக்கிக் குழல்களைப்போல நம்மை நோக்குகின்றன. நதேழ்தா பொரோவயா என்ற பெண் தாம் அடைபட்டிருந்த சோவியத் முகாமின் காட்சிகளைச் சிறு தாள்களில் வரைந்திருக்கிறார். அவற்றை நாஜி முகாம்களின் காட்சிகள் என்று சொல்லியே சவித்ஸ்கி வாங்குவதற்கு அனுமதி பெற்றதாகச் சொல்கிறார்கள். அவர் இங்கு வந்தபோது ஆரல் நிறைந்திருந்தது. 1984இல் அவர் இறந்தபோது மொய்னாக்கில் வலை வீசுவது நின்றுபோயிருந்தது. மொய்னாக்கைப் பார்த்த அதே நாளில் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு மணி நேரம் இதற்குப் போதவே இல்லை.

இரவு விமானத்துக்குப் போகும் வழியில், மிஸ்தாக்கான் என்ற பழைய இடுகாட்டைப் பார்த்தீர்களா என்று ஓட்டுநர் கேட்டார். நுக்குசிலிருந்து இருபது கிலோமீட்டரில், காலையில் நாங்கள் போன சாலையின் அருகிலேயே அது இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு செங்கல் உதிர்வதாகவும், கடைசிச் செங்கல் விழும் நாளில் உலகம் முடிந்துவிடும் என்றும் நம்பப்படும் ஒரு சமாதி அங்கே உண்டு. வருகிறவர்கள் அந்த நாளைத் தள்ளிப்போட ஏழு செங்கல்களை அடுக்கிவைத்துவிட்டுப் போவார்களாம். அடுத்த முறை இரண்டு இரவு தங்குவதாகச் சொல்லி "ரஹ்மெத்" என்று நன்றி கூறினோம். அவருடைய எண் அண்ணனின் கைப்பேசியில் இருக்கிறது.