சிங்காரத்துக்கு ஏழு ஊசி

சிங்காரம் எங்கள் வீட்டுப் பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கப் பால் பைத்தான் (ball python) இனம், மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸோடு வாங்கியது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். "பேர்லயே பாலு இருக்கு, குடிக்காதாடா?" என்று பாட்டி கேட்காத நாளில்லை. சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமானில், பாம்பென்றால் கட்டையைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

போன நவம்பர் மழையில் அது எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இனம் சில வாரம் பட்டினி கிடப்பது சகஜம் என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. பத்தாம் நாள் இரவு தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு விட்டது. மூக்கில் குமிழி. காதைக் கிட்டே கொண்டுபோனால் விசில் சத்தம்.

உள்ளூர் கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தானாம். ஈப்போவில் பாம்பு பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடித்து, தலையணை உறையில் போட்டு முடிந்து, காடியில் ஏர்கோனை அடைத்துவிட்டுக் கொண்டுபோனோம். நிமோனியா. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. "பெட்டி எங்கே இருக்கு?" என்றார் டாக்டர். என் அறையில், ராத்திரி முழுக்க ஏர்கோனுக்குக் கீழே. சூட்டு விரிப்பு இருந்தும் உள்ளே 25 டிகிரிதான் இருந்திருக்கிறது.

செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, மூன்று நாளைக்கு ஒன்றாக ஏழு. 1.2 கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்து, டாக்டரே சிரிஞ்சுகளில் நிரப்பித் தந்தார். அவை ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால் இருந்ததால் அம்மா ஐஸ்பெட்டிப் பக்கமே வரவில்லை. உடம்பின் முன்பகுதியில்தான் குத்த வேண்டும். பின்பகுதியில் போட்டால் மருந்து உடம்பில் பரவுமுன் சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். முதுகெலும்பை ஒட்டிய சதை, செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில். தங்கச்சி பிடித்துக்கொண்டாள். முதல் ஊசிக்குப் பாம்பைவிட நான்தான் அதிகம் நெளிந்தேன்.

ஊசிகூடப் பழகிவிட்டது. சூடுதான் படுத்தியது. பெட்டியை ஹாலுக்கு மாற்றி, ஒரு பக்கம் இரவும் பகலும் 32 டிகிரி வைக்க வேண்டும். ஒருநாள் நடுராத்திரி இடியில் கரண்டு போனது. போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துண்டில் சுற்றி வைத்து, ஆறினால் மாற்றி, நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பாட்டியும் தூங்கவில்லை. புற்றுக்குப் பால் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஐந்தாவது ஊசிக்கு அப்புறம் குமிழி நின்றது. மூச்சு சீராகும்வரை இரை கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். ஏழாவது முடிந்து இரண்டு வாரத்தில் சட்டை உரித்தது, ஒரு சின்ன எலியை விழுங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டி தோட்டத்து நாகம்மா கோயிலுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோனார். மிச்சம் பிடித்த ஒரு டம்ளர் பாலை, எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். சிங்காரம் அதன்மேல் ஏறிக் கவிழ்த்துவிட்டது. கழுவித் துடைத்துக் காயவைக்க எனக்கு அரை நாள் ஆனது.