மொட்டை மாடியில் ஒன்றரை வருஷம்

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரி விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து நாலு சட்டையை மட்டும் பையில் திணித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன், புத்தகமெல்லாம் அறையிலேயே கிடந்தன.

அப்புறம் வகுப்பெல்லாம் கைப்பேசியில்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும், ஆனால் வெயிலில் போன் சூடாகி அணைந்துபோய் மறுபடி வகுப்புக்குள் நுழைவதற்குள் வருகைப்பதிவு முடிந்திருக்கும்.

2021 ஜனவரியில் தமிழக அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது, ஏப்ரல் வரைக்கும். அப்பாவுக்கு வேலையில்லாத நேரம், ரீசார்ஜுக்குக் காசு கேட்கவே மனசு வராது. அதனால் எனக்கு அது பெரிய விஷயம்.

சந்தோஷமும் இருந்தது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பாடம் கேட்பார், "இந்த வாத்தியார் நல்லா சொல்றாருடா" என்பார். விடுதியில் இருந்திருந்தால் அந்த நாட்கள் எனக்குக் கிடைத்திருக்காது.

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரி திறந்தார்கள். என் அறைத் தோழன் வரவில்லை. இரண்டாம் அலையில் அவன் அப்பா இறந்துவிட்டார், அவன் வேலைக்குப் போய்விட்டான். கட்டிலுக்கு அடியில் அவனுடைய நீல வாளி, உள்ளே காய்ந்துபோன சோப்போடு, அப்படியே இருந்தது.