திருச்சியில் விமானம் ஏறுவோர் கைப்பை குறித்து
கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து திருச்சி வழியாகச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ புறப்படும் உறவினர்கள், பணப்பை, கைக்கடிகாரம், கழற்றிய நகை ஆகியவற்றைச் சோதனைத் தட்டில் பரப்பி வைக்காமல், வரிசையில் நிற்கும்போதே கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடிவிடுவது நல்லது. பெண்களைத் திரையிட்ட தடுப்புக்குள் சோதிக்கும் நேரத்தில் அவர்களுடைய பை எக்ஸ்ரே இயந்திரத்தின் மறுபுறம் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடும் என்பதால், உடன் வருபவர் ஒருவர் முன்னதாகவே சோதனையை முடித்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. பையைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் அழைத்தால், உள்ளே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போல உடையும் பொருள் இருப்பதை அவர் கைவைக்கும் முன்பே சொல்லி, நானே எடுத்துக் காட்டலாமா என்று பணிவாகக் கேளுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த நெய்ப் பாட்டில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டதென்றால் அதன் இடம் பெட்டிதான். பவர் பேங்க் மட்டும் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வரவேண்டும்.