பழைய ஜிப்சிக்கு இன்ஜெக்‌ஷன்

இன்னைக்கு காலைல குன்னூர் குளிர்ல நம்ம பழைய மாருதி ஜிப்சி ஜீப், சோக் இழுக்காமலே ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு!

பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரக் கழட்டி, காத்த விடுற த்ராட்டில் பாடி, பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், எவ்ளோ பெட்ரோல்னு முடிவு பண்ற சின்ன கம்ப்யூட்டரான ஸ்பீடுயினோ ஈசியூ எல்லாம் மாட்டியாச்சு. அந்த அளவ சரி பண்ற ட்யூனிங்தான் அசல் வேலை.

மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பினோம். தம்பி ஓட்டுறான், என் மடியில லேப்டாப், கண்ணு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில எத்தனை பங்கு காத்துன்னு காட்டுற வைட்பேண்ட் மீட்டர்ல. சமதளத்துல 14.7 கிட்ட நிக்குது, கல்லாறு தாண்டி ஏத்தத்துல நல்லா மிதிச்சதும் 15, 16னு ஏறுது, லோடுல இவ்ளோ லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா ஓடுனா பிஸ்டனுக்கே ஆபத்து, உடனே எவ்ளோ பெட்ரோல்னு ஈசியூ கணக்குப் போடப் பாக்குற விஇ டேபிள்ல அந்த ஆர்பிஎம் அந்த லோடுக்கான கட்டங்கள்ல மட்டும் நம்பர ஏத்துனேன்.

அடுத்த வளைவுல 12.8. அப்படி ஒரு சந்தோஷம்.

மேல போகப் போக காத்து மெலிசாகும், கார்புரேட்டர் அதே ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) பெட்ரோல ஊத்திட்டே இருக்கும், கரும்புகைதான். இப்ப இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த மேப் சென்சார் அளக்குது, ஈசியூ அதுக்கேத்த மாதிரி பெட்ரோல குறைச்சுடுது. மலையில வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இதவிட நல்ல மாத்தம் இல்லன்னு அடிச்சு சொல்லுவேன்.

கார்புரேட்டர்னா ரோட்டோரமே கழட்டித் துடைச்சு ஓட்டிடலாம்னு மெக்கானிக் அண்ணன் சொல்றதும் நியாயம்தான். அதனால பெட்ரோல் பம்ப ஆன் பண்ற ரிலே ஒண்ணு ஸ்பேரா வண்டிலயே இருக்கு.

அடுத்து இறக்கத்துல ஆக்சிலரேட்டர விட்டா பெட்ரோல் நிக்குற மாதிரி ஃப்யூல் கட் செட் பண்ணணும்.