அந்த நிரையைச் சீவுகிறவர் யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூலத் திட்டத்துக்கு முதல் பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பும் தம்பி தங்கைகள் பலரும், அதைப் படித்துச் சரிபார்க்கும் ரிவியூவைத் திட்டத்தைத் தொடங்கியவரிடமே கேட்கிறார்கள். பதில் வராது. ரப்பர் பால்மரத்தின் பட்டை எப்படியிருக்கிறது என்று தெரிய, கன்று நட்டவரையா தேடுவோம்? அந்த மர வரிசையை, அதாவது நிரையை, இப்போது பாலுக்குச் சீவுகிறவரைத்தானே கேட்போம். ரிவியூவுக்கும், அந்தப் பகுதி நிரலை இப்போது கவனிப்பவரைத்தான் தேட வேண்டும்.

எதற்கு யார் பொறுப்பு என்று திட்டத்தில் எழுதிவைத்ததை முதலில் படியுங்கள். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் கோட்ஓனர்ஸ் கோப்பில் பல வரிகள் பொருந்தினால் கடைசி வரிதான் செல்லும். மேலே உள்ள, எல்லாக் கோப்புக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி (*) வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். குபெர்னெட்டீஸ் என்ற திறமூலத் திட்டத்தில் பல அடைவுகளில் (ஃபோல்டர்) தனித்தனி ஓனர்ஸ் கோப்பு இருக்கும். அதில் படித்துப் பார்க்கும் ரிவியூவர் வேறு, சேர்க்க ஒப்புதல் தரும் அப்ரூவர் வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு, யாரைக் கேட்பது என்று சொல்லும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் இருக்கிறது. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் பொறுப்பாளர் இல்லையென்றால் அது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கடந்த ஓராண்டு வரலாற்றைத் துழாவி ஆட்களைச் சொல்லும். அதில் எழுத்துப்பிழை திருத்தியவரும் வந்துவிடுவார். அப்படி வந்த பெயர்களின் கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமிலும் இதே சிக்கல்தான். யாரோ மொத்தக் கோப்பையும் ஃபார்மேட் செய்து அமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்தியிருந்தால் எல்லா வரியிலும் அவர் பெயரே நிற்கும். இடைவெளி மாற்றங்களைத் தள்ளும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். பெரிய ஃபார்மேட் கமிட்டுகளைப் பட்டியலிட்டு விலக்கவும் 2019 முதல் கிட்டில் வழி உண்டு. எழுதியவரைவிட, பழைய கமிட்டுகளின் அடியில் ‘ரிவியூட்-பை’ (படித்துப் பார்த்தவர்) என்று வருபவரே எனக்குப் பெரிய தடயம். பிறர் வேலையைப் படிக்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. கடைசி ஆறு மாதத்தில் அவர் பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரிவியூ கேட்க இரண்டு பேர் போதும். எட்டுப் பேரைக் கேட்டால், இன்னொருவர் பார்ப்பார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

தமிழ் எழுத்துத் தொடர்பான மாற்றமென்றால், நிரல் தெரிந்தவரோடு தமிழ் வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டும். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் (யூனிகோட் எண்) எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் தேடலில் ஒன்று கிடைத்து மற்றது தவறிவிடலாம். திரையைப் பார்த்து மட்டும் இது யாருக்கும் பிடிபடாது; தமிழில் தட்டச்சு செய்து தேடிப் பார்க்க வேண்டும். ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தட்டச்சு செய்து பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி. அவர் பெயரை ‘டெஸ்டட்-பை’ (சோதித்தவர்) வரியில் போடுமுன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். உதாரணமாக, ரிவியூவர் ஜெர்மனியில் இருந்தால், அந்நாடு மலேசிய நேரத்துக்குக் கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி பின்னால். நாம் மாலை 4 மணிக்கு அனுப்பினால் அங்கே காலை வேலை நேரம். கெர்னலில் நினைவூட்ட ஒரு வாரமாவது பொறுங்கள். புதிய மாற்றங்களைக் கெர்னலில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரங்களில் இன்னும் கூடுதலாக. நினைவூட்டும்போது வெறுமனே ‘பார்த்தீர்களா’ என்று எழுதாமல், எந்த ஃபங்ஷனில் உங்களுக்குச் சந்தேகம், எதைச் சோதித்தாயிற்று, எதைச் சோதிக்கவில்லை என்று மூன்று வரி எழுதுங்கள்.